மார்செய், ரைடர், தோத்: வாள் ஆறுக்கு என்ன பொருள் எழுதலாம்?

வணக்கம். போர்ட் லூயியில் டாரோ (குறி பார்க்கும் படச் சீட்டுகள்) பழகுவோருக்காக மார்செய், ரைடர், தோத் என்ற மூன்று சீட்டுக்கட்டுகளையும் ஒப்பிடும் அட்டவணை ஒன்று தயாராகிறது. உங்கள் உதவி வேண்டும்.

பெரிய சீட்டுகள் 22-இல் சிக்கல் குறைவு. மார்செயில் நீதி 8, வலிமை 11. 1909-இல் வந்த ரைடரில் இரண்டும் இடம் மாறியிருக்கும். எண்ணைப் பார்த்துப் பொருத்தினால் தப்பு, பெயரைப் பாருங்கள்.

சிறிய சீட்டுகள்தான் பாடுபடுத்துகின்றன. வாள் ஆறு, அதாவது வாள் இனத்தின் ஆறாம் எண் சீட்டு, ரைடரில் படகில் அக்கரை போகும் பயணம். தோத்தில் அதன் தலைப்பே 'சயன்ஸ்'. மார்செயில் காட்சியே கிடையாது, வளைந்த வாள்களும் பூவும்தான். அதன்மேல் படகுக் கதையை ஏற்றுவது சரியில்லை என்றே நினைக்கிறேன். எண்ணையும் இனத்தையும் மட்டும் வைத்து மார்செய் படிப்பவர்களே, ஆறுக்கு என்ன பொருள் கொள்கிறீர்கள்?

இன்னொன்று: தோத்தில் அரசன் இல்லை. அதன் குதிரைவீரனை ரைடரின் அரசனோடு சேர்ப்பீர்களா, குதிரைவீரனோடா? காரணத்தோடு எழுதுங்கள்.