கையடக்க ஜூம் கேமரா: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்கிழமை அச்சு)

கானாடுகாத்தான் ஆசிரியை | திங்கள் காலை 8.10

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேமரா வாங்க வழிகாட்டும் 16 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. பிள்ளைகளுக்கு இரண்டு வேலை. ஒன்று, வேட்டங்குடி சரணாலயத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கூடு கட்டும் நாரைகளைப் படமெடுத்து எண்ணுவது. இரண்டு, பழைய வீடுகளின் முகப்புச் சுதைச் சிற்பங்களையும் நிலைக்கதவுச் செதுக்கலையும் பதிவு செய்வது. சட்டைப்பையில் அடங்க வேண்டும், தூரத்தையும் இழுக்க வேண்டும். கடைக்காரர்கள் ‘காம்பாக்ட் லாங் ஜூம்’ என்கிறார்கள். ‘உருப்பெருக்கக் கருவி’ என்று போட்டேன். ஆய்வகத்து நுண்ணோக்கியா என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். கையேட்டில் 23 இடத்தில் மாற்ற வேண்டும். நல்ல சொல் தாருங்கள்.

பள்ளத்தூர் புலவர் | திங்கள் காலை 9.35

ஆச்சி, ‘சேண்குவியம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். சேண் என்றால் தொலைவு. சேய்மையும் சேணோனும் அந்த வேரில் கிளைத்தவைதாம். குவியம் பாடநூலிலேயே இருக்கிறது. கேமராவையும் விட்டுவிட்டு ‘ஒளிப்படக்கருவி’ என்று எழுதுங்கள். ஜகரம் போட்டு ‘ஜூம்’ என்று அச்சடித்துவிட்டு, தொல்காப்பியத்தின் ‘வடவெழுத்து ஒரீஇ’ (வடவெழுத்தை நீக்கி) நூற்பாவை எந்த முகத்தோடு வகுப்பில் நடத்துவது?

தேவகோட்டை | திங்கள் காலை 10.05

ஐயா, அது வடசொல்லுக்கான நூற்பா. ஜூம் திசைச்சொல். கிரந்தம்தான் உறுத்துகிறது என்றால் ‘சூம்’ என்று எழுதிவிடலாமே. சகரம் அ, ஐ, ஔ மூன்றோடும் மொழிக்கு முதலில் வராது, ஊகாரத்தோடு வரும். மகரம் ஈற்றில் வரும். தொல்காப்பியரே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கோட்டையூர் (கேமரா பழுதுபார்ப்பு) | திங்கள் காலை 11.20

சூம் என்று அட்டையில் போட்டால், சூம்பிப்போன கை கால்தான் நம் ஊரில் நினைவுக்கு வரும். வாங்குகிறவன் தலைப்பிலேயே ஓடிவிடுவான்.

சொல் வைக்குமுன் பொருளைக் கழற்றிப் பார்த்துவிடலாம். பெட்டியில் ‘30 எக்ஸ்’ என்று போட்டிருப்பது மிகப் பெரிய குவியத் தூரத்தை மிகச் சிறிய குவியத் தூரத்தால் வகுத்து வந்த ஈவு. குவியத் தூரம் என்பது மிமீயில் சொல்லும் லென்ஸ் அளவு, அது கூடக் கூடத் தூரத்துப் பொருள் கிட்டத் தெரியும். 720 மிமீ வகுத்தல் 24 மிமீ, அதனால் 30. கண்ணுக்குத் தெரிவதைவிட 30 மடங்கு பெரிதாகும் என்று அதற்குப் பொருள் இல்லை. கண் பார்வைக்குப் பக்கமாகச் சொல்லப்படும் 50 மிமீயோடு ஒப்பிட்டால் 720 மிமீ சுமார் 14 மடங்குதான். அதனால் ‘உருப்பெருக்கம்’ பிள்ளைகளைக் குழப்புவது மட்டுமில்லை, இயற்பியல்படியும் தப்பு.

‘சேண்’ சிக்கல் இதற்கு நேர் எதிர். தொலைவைக் காட்டும் லென்ஸ் எல்லாம் ஜூம் ஆகாது. 300 மிமீயிலேயே நிற்கும் லென்ஸ் இருக்கிறது, அது சேண்தான், ஆனால் குவியத் தூரம் அசையாது. 70-300 லென்ஸ் 4 மடங்குக்குச் சற்று மேல்தான். 25-250 பாக்கெட் கேமரா 10 மடங்கு. தூரத்தில் எட்டுவது அந்த 4 மடங்குக்காரன். ஆக வீச்சு ஒரு விஷயம், எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பது வேறு விஷயம். கடையில் பிள்ளைகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சொல் அதை மறைத்துவிடக் கூடாது.

பள்ளத்தூர் புலவர் | திங்கள் மாலை 4.15

தம்பி சொல்வது சரியென்றே வைத்தாலும், ‘நீள்வில்லை’ இருக்கிறதே. வினைத்தொகை. நீண்ட வில்லை, நீள்கின்ற வில்லை, நீளும் வில்லை என்று முக்காலமும் கரந்து நிற்கும். ஒரு சொல்லுக்குள் லென்ஸ் நீண்டு சுருங்குவதே அடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஜூம்’ வெறும் ஒலிக்குறிப்பு, பிறகு விமானம் விர்ரென்று செங்குத்தாக ஏறுவதற்கு ஆனது, அதற்கும் பிறகுதான் லென்ஸுக்கு வந்தது. நம்மிடமும் ‘விர்’ இருக்கிறது. விர் என்பதிலிருந்தே விரை, விரி, விரல்...

தேவகோட்டை | திங்கள் மாலை 4.40

விரலை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள் ஐயா? விர்ரென்று நீள்வதாலா?

பள்ளத்தூர் புலவர் | திங்கள் மாலை 5.05

விரிவதால். இதை வைத்துத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

புதுவயல் ஆச்சி | திங்கள் இரவு 8.30

‘நீள்’ வினைத்தொகை என்று புலவருக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை ‘நீளமான வில்லை’ என்றுதான் படிக்கும். தம்பி சொன்ன 300 மிமீ லென்ஸிலேயே போய் நிற்கும்.

இலக்கணத்திலிருந்தே எடுப்பதென்றால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. மூடியிருக்கும்போது குறில், நீட்டினால் நெடில், இன்னும் நீட்டினால் அளபெடை. கையேட்டில் டிஜிட்டல் ஜூமை இப்படி விளக்கலாம்: அது இசைநிறை அளபெடை. ஓசை குறைந்த இடத்தை நிரப்பும், பொருள் கூடாது. லென்ஸ் நகர்ந்து செய்யும் ஜூம் சொல்லிசை அளபெடை. நசை (விருப்பம்) நசைஇ (விரும்பி) ஆனதுபோலப் பொருளே மாறும்.

கோட்டையூர் | திங்கள் இரவு 9.10

ஆச்சி, இதைப் பெட்டிச் செய்தியாகவே போட்டுவிடலாம். கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 மெகாபிக்சல் படத்தில் டிஜிட்டல் ஜூம் 2 மடங்கு வைத்தால் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி வெட்டுப்பட்டு 5 மெகாபிக்சல்தான் மிஞ்சும். மீதியைக் கேமரா ஊகித்து நிரப்புகிறது. அமைப்புப் பட்டியலில் அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் வீட்டில் கணினியில் வெட்டிக்கொள்ளலாம், பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கானாடுகாத்தான் ஆசிரியை | செவ்வாய் காலை 7.50

சொல் வருகிறபோது வரட்டும். இரண்டு வேலைக்கும் ஒரே கேமரா போதுமா? அந்தப் பத்தியும் இன்னும் காலி.

கோட்டையூர் | செவ்வாய் காலை 10.30

போதாது. ஏன் என்பதைக் கையேட்டில் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சின்ன கேமராக்களில் பெரும்பாலானவற்றின் உணரி (லென்ஸுக்குப் பின்னால் படத்தை வாங்கும் சில்லு) 1/2.3 அங்குல வகை. பெயரில்தான் அங்குலம், உண்மையில் சுமார் 6.2க்கு 4.6 மிமீ, கருப்பட்டித் துணுக்கு அளவு. உணரி அத்தனை சிறிதாக இருப்பதால்தான் லென்ஸும் சட்டைப்பைக்குள் அடங்குகிறது. கேனன் எஸ்எக்ஸ் 740ஐ எடுங்கள். பெட்டியில் 24-960, 40 மடங்கு. லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 4.3 முதல் 172 மிமீதான். 24-960 என்பது 36 மிமீ அகல உணரிக்கு ஈடாகச் சொல்லும் கணக்கு. அந்த நீண்ட முனையில் ஒளி நுழையும் துளையின் அளவு எஃப் 6.9 (எண் கூடினால் துளை சிறிது). ஒளி அலை அந்தத் துளையில் சிதறி ஒரு புள்ளியை 9 மைக்ரான் அகல வட்டமாகப் பரப்பும். பிக்சல் ஒன்றின் அகலம் 1.2 மைக்ரான். ஒரு புள்ளி ஏழெட்டு பிக்சலை விழுங்கிவிடுகிறது. அதனால் அந்த முனையில் 20 மெகாபிக்சலை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

1 அங்குல வகை உணரி 13.2க்கு 8.8 மிமீ. பரப்பில் நாலு மடங்கு. லூமிக்ஸ் டிஇசட் 200 அந்த வகை, 24-360, 15 மடங்கு. வளவைச் சுற்றிய இருட்டுத் தாழ்வாரம், தேக்குத் தூணின் போதிகை, நிலைக்கதவு இதற்கெல்லாம் 15 மடங்கே தாராளம், வெளிச்சம்தான் வேண்டும். இதை எடுங்கள். ரா கோப்பும் (கேமரா திருத்தாத மூலப்பதிவு) உண்டு, கண்வைத்துப் பார்க்கும் துவாரமும் உண்டு. எஸ்எக்ஸ் 740இல் இரண்டும் கிடையாது. வெயிலில் பின்திரை கண்ணாடிபோல் முகத்தைத்தான் காட்டும், கண்மாய்க்கரையில் இது பெரிய குறை.

கண்மாய்க்கு 720க்குக் குறைந்தால் திண்டாட்டம். 100 மீட்டர் தள்ளி நிற்கும் நாரையை 720இல் பிடித்தால் படத்தின் அகலம் தரையில் சுமார் 5 மீட்டர், 360இல் 10 மீட்டர். நத்தைகுத்தி நாரை முக்கால் மீட்டர் நிற்கும் என்று வைத்துக்கொண்டு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

தேவகோட்டை | செவ்வாய் மதியம் 12.15

கணினிப் பக்கம் ‘பெரிதாக்கு, சிறிதாக்கு’ என்று பழகிவிட்டது. திரையில் எழுத்தைப் பெரிதாக்க அது சரி. ‘பெரிதாக்குக் கேமரா’ என்றால் கேமராவையே பெரிதாக்குவதுபோல் இருக்கிறது. ‘குவியமாற்றி’ பரவாயில்லையா?

கோட்டையூர் | செவ்வாய் மதியம் 12.40

வேண்டாம். குவியத்தை மாற்றுவது என்றால் போக்கஸ் செய்வது என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். மாறுவது குவியத் தூரம். போதாக்குறைக்கு இந்தச் சின்ன லென்ஸ்கள் பலவற்றில் ஜூம் மாறினால் போக்கஸும் நழுவும், கேமரா திரும்பப் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் அவிழ்க்க முடியாது.

புதுவயல் ஆச்சி | செவ்வாய் மாலை 6.00

‘அணுக்கம்’? அணுகிப் போவது. கோயிலில் அணுக்கன் திருவாயில் என்கிறோமே.

பள்ளத்தூர் புலவர் | செவ்வாய் மாலை 6.45

அழகான சொல். ஆனால் பூவின் மகரந்தத்தை ஒட்டிவைத்து எடுப்பதற்கும் அதையே கேட்பார்கள். அணுவோடும் குழம்பும். சுட்டெழுத்தைப் பாருங்கள். இகரம் அண்மை, அகரம் சேய்மை. அந்த நாரையை இந்த நாரை ஆக்குவதுதானே இக்கருவி? ‘அஇ’ என்றே...

தேவகோட்டை | செவ்வாய் மாலை 6.50

ஐயா, இதை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.

கோலாலம்பூர் (ஊர் தேவகோட்டை) | புதன் காலை 6.20

தூரத்திலிருந்து ஒரு குரல். ‘எட்டு’ என்ற வினையை ஏன் விட்டுவிட்டீர்கள்? கைக்கு எட்டியது என்றால் பக்கம். எட்ட நில் என்றால் தூரம். இரண்டும் ஒரே சொல்லில். ‘எட்டம்’ நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. கோட்டையூர் அண்ணன் கேட்ட இரண்டுக்கும் இரண்டு சொல் வைக்கலாம். குவியத் தூரத்தின் முழு இடைவெளிக்கு ‘வீச்சு’, கணக்குப் புத்தகத்திலேயே உள்ளது. நீண்ட முனை எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்பதற்கு ‘எட்டம்’. அப்படியானால், வீச்சு 30 மடங்கு, எட்டம் 720.

கோட்டையூர் | புதன் காலை 9.00

இதற்கு என் ஓட்டு. கடையில் நின்று ‘எட்டம் எவ்வளவு?’ என்று கேட்டால் விற்பவர் 30 என்று தப்பிக்க முடியாது.

தேவகோட்டை | புதன் காலை 9.25

சிவகங்கைச் சீமையில் வீச்சு என்றால் அரிவாள். இல்லாவிட்டால் பரோட்டா.

புதுவயல் ஆச்சி | புதன் காலை 9.40

வீச்சுப் பரோட்டாவும் இழுத்து விரிப்பதுதானே. பொருத்தம்தான்.

பள்ளத்தூர் புலவர் | புதன் காலை 11.10

எட்டம் பேச்சுவழக்கு. எண்ணுப்பெயரோடும் மயங்கும். ‘எட்டம் எட்டு நூறு’ என்று எழுதிப் பாருங்கள். சேண்குவியத்தை நான் கைவிடவில்லை.

கானாடுகாத்தான் ஆசிரியை | புதன் மாலை 5.30

வகுப்பில் கேட்டேன். பிள்ளைகள் ‘கிட்ட இழு’ என்கிறார்கள். பெயர்ச்சொல் கேட்டால் ‘இழுப்பு’. மூச்சு இரைப்புக்கும் அதே பெயர் என்பதால் விட்டுவிட்டேன். இடையில் பராமரிப்புப் பத்தி வேண்டும், யாராவது அனுப்புங்கள்.

கோட்டையூர் | புதன் இரவு 10.00

இந்த வகைக் கேமராவுக்குப் பெரிய எதிரி நம் செம்மண் புழுதி. லென்ஸ் குழல்கள் அடுக்குச் சட்டிபோல ஒன்றுக்குள் ஒன்று. நீளும்போது உள்ளே இடம் பெருகும், காற்றை இழுக்கும், கூடவே தூசியும் போகும். உணரியில் படிந்தால் வானத்தில் சாம்பல் புள்ளியாகத் தெரியும், வீட்டில் துடைக்க வழியில்லை. குழல் இடுக்கில் ஒரு மணல் மாட்டினால் பிளாஸ்டிக் பல்சக்கரம் நின்றுவிடும், திரையில் லென்ஸ் பிழை காட்டி அணையும். அப்போது கையால் இழுக்கவோ அழுத்தவோ கூடாது, பல் உடையும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதுபந்தால் இடுக்கைச் சுற்றி ஊதிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம். பைக்குள் பொத்தான் அமுங்கி லென்ஸ் முட்டி நின்றாலும் இதே கதை. அதனால் இறுக்கமான உறை வேண்டாம்.

படம் ஆடுவதற்கு: 720இல் வெறுங்கைக்கு 1/800 நொடி வேண்டும். அதிர்வுத் தடுப்பு 1/100 வரை காப்பாற்றும், ஆனால் அது கையின் ஆட்டத்துக்கு மட்டும்தான், நாரையின் ஆட்டத்துக்கு இல்லை. பறக்கும் பறவைக்கு 1/1000க்குக் குறையக் கூடாது. முதலில் அகல முனையில் பறவையைக் கண்டுபிடித்து, நடுவில் நிறுத்தி, பிறகு நீட்டச் சொல்லுங்கள். நீட்டி வைத்துக்கொண்டு தேடினால் வானத்தில் துழாவ வேண்டியதுதான். காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப்பின் கண்மாய்மேல் கானல் எழும், எந்த லென்ஸ் ஆனாலும் நாரை தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளியும்.

தேவகோட்டை | வியாழன் காலை 8.15

எண்ணிவிட்டேன். ‘கையடக்க நெடுவீச்சுக் கேமரா’வுக்கு நாலு பேர். ‘எட்டம்’ சேர்க்க மூன்று பேர். ‘சேண்குவிய ஒளிப்படக்கருவி’க்கு ஒருவர். வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகவே ‘நெடுவீச்சுக் கேமரா’ என்று க் மிகும். அயற்சொல்லுக்கு முன் மிகுமா என்று யாரும் இப்போது கிளப்ப வேண்டாம்.

பள்ளத்தூர் புலவர் | வியாழன் காலை 8.40

மிகும். அதில் நமக்குள் பிணக்கில்லை. மற்றதில் என் மறுப்பைப் பதிந்துகொள்க. ‘விர்’ பற்றிய கட்டுரை இன்றிரவு வரும். ‘விரலி’யைத் தேவகோட்டையார் மறந்துவிட்டார்.

கானாடுகாத்தான் ஆசிரியை | வியாழன் மாலை 7.20

அனைவருக்கும் நன்றி. அட்டையில் ‘கையடக்க நெடுவீச்சுக் கேமரா’. முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை ‘ஜூம்’, கடையில் கேட்க வேண்டுமே. 7ஆம் பக்கத்தில் வீச்சு, எட்டம் இரண்டும் வகுத்தல் கணக்கோடு. அளபெடைப் பெட்டி 9இல். புலவர் ஐயாவின் சொல் பின்னட்டைச் சொற்பட்டியலில் ‘சேண்குவியம் என்றும் சொல்வர்’ என்று வருகிறது.

பள்ளத்தூர் புலவர் | வியாழன் மாலை 7.35

யார் சொல்வர்?