பினாங்குக் கல்யாணத்துக்கு அம்மாவோடு போகிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த தோழியின் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஒரே வாடகை அறையில் மூன்று பேர் இருந்தோம். இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான், காலையில் அதற்கே சண்டை. மூவரும் சந்தித்துப் பல வருடங்கள் ஆகின்றன.

தாலி கட்டுவது குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோவிலில், காலை ஏழரைக்கு முகூர்த்தம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கு ரயிலே 4 மணி நேரம் என்பதால் முதல் நாளே வந்துவிடுவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ரயிலடியிலிருந்து ஃபெர்ரித் துறைக்கு நடைபாலம் உண்டு. அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா, அல்லது கடல் மேல் உள்ள பினாங்குப் பாலம் வழியாக டாக்சியில் போவதா? அம்மாவுக்கோ ஃபெர்ரிதான் வேண்டுமாம், கடல் காற்றாம்!

லிட்டில் இந்தியா பக்கம் லிஃப்ட் உள்ள சுத்தமான விடுதி தெரிந்தால் சொல்லுங்கள். சென்ற முறை தங்கிய இடத்தில் மூன்று மாடி ஏறினோம், வெந்நீரும் வரவில்லை. விடியற்காலையிலேயே மல்லிகைச் சரம் கிடைக்குமா?

இன்னொன்று: நெருங்கிய தோழி வீட்டுக்கு மொய் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) வைக்கிறீர்கள்? கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.