ஒரு பைசாகூடக் கட்டாதவர்களா? ஆசிரியர் ஓய்வூதியம் குறித்து 2025-இல் நடந்த ஒரு வாதம்

வண்ணார்பேட்டை வணிகர்:
கடைசிச் சம்பளத்தில் பாதியை மாதந்தோறும் தரும், 2003 ஏப்ரல் 1-க்கு முன்பு சேர்ந்தவர்களுக்கு மட்டுமே இப்போது உள்ள பழைய ஓய்வூதியத் திட்டத்தை எல்லா ஆசிரியர்களுக்கும் திருப்பித் தந்தால் கருவூலத்துக்குப் பெரிய சுமை ஏதும் வராது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஓய்வூதியத்துக்கும் ஓய்வுக்காலப் பலன்களுக்கும் ஏறத்தாழ 41,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறையும் கிட்டத்தட்ட அதே தொகைதான். கடன் வாங்கித்தான் ஓய்வூதியம் கொடுக்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 2003 ஏப்ரல் 1-க்கு முன்பு பணியில் சேர்ந்த ஆசிரியர் எவரும் தமது ஓய்வூதியத்துக்காக ஒரு பைசாகூடக் கட்டியதில்லை.

சேரன்மாதேவி தலைமையாசிரியர் (ஓய்வு):
தம்பி, ஒரு பைசாகூடக் கட்டவில்லை என்று எழுதுமுன் எங்கள் சம்பளப் பட்டியலை ஒரு முறையாவது பார்த்திருக்கிறீர்களா? 1979 முதல் 2013 வரை, சேமநல நிதிப் பிடித்தம் இல்லாமல் நான் சம்பளம் வாங்கிய மாதம் ஒன்றுகூட இல்லை. நீங்கள் சொல்லும் 41,000 கோடி ஆசிரியர்களுக்கு மட்டுமானதும் அன்று. காவலர், வருவாய்த் துறையினர், நீதித் துறையினர், அவர்களுடைய குடும்ப ஓய்வூதியர் அனைவருக்கும் சேர்த்து வகுத்த தொகை அது. வட்டிக்கு மட்டும் 70,000 கோடிக்கு மேல் போகிறதே, அதைப் பற்றி ஒரு சொல்லும் உங்கள் பதிவில் இல்லை.

வண்ணார்பேட்டை வணிகர்:
அண்ணாச்சி, சேமநல நிதி உங்களுடைய சேமிப்பு. ஓய்வு பெற்ற அன்று வட்டியோடு அதை வாங்கிக்கொண்டீர்கள். ஓய்வூதியத்துக்கு என்று பிடித்தது எவ்வளவு என்பதே என் கேள்வி. விடை சுழியம். ஒரு பைசாகூட இல்லை.

சேரன்மாதேவி தலைமையாசிரியர் (ஓய்வு):
ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அன்று, செய்த பணிக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17-இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாள் என்று கொண்டாடுகிறோம். நான் பணியில் சேர்ந்தபோது எங்கள் ஊர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர் என்னைவிடக் கூடுதலாக வாங்கினார். அன்றைக்குக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தின் மிச்சம்தான் இன்று மாதந்தோறும் வருகிறது. அந்தக் குறைவுதான் நான் கட்டிய பணம். அதை ஒரு பைசாகூட இல்லை என்று நீங்கள் சொன்னால், என் முப்பத்து நான்கு ஆண்டுப் பணிப்பதிவேட்டையே கிழித்துப் போடுகிறீர்கள் என்று பொருள்.

முக்கூடல் மகள்:
என் அம்மா முப்பது ஆண்டுகள் பீடி சுற்றினார். இலை நறுக்கி நறுக்கி விரல் மரத்துப் போய்விட்டது. வாரக் கூலியில் வைப்பு நிதிக்குப் பிடித்தார்கள். இன்று அவருக்கு வரும் ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். 2014-இல் வகுத்த அந்தக் குறைந்தபட்சத் தொகை இன்றுவரை உயரவில்லை, அகவிலைப்படியும் அதற்குக் கிடையாது. கட்டிய என் அம்மாவுக்கு ஆயிரம், கட்டாத உங்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதியும் அகவிலைப்படியுமா? இது எந்த ஊர் நியாயம்?

சேரன்மாதேவி தலைமையாசிரியர் (ஓய்வு):
அம்மா, உங்கள் வீட்டு வலியை நான் சிறிதாக எண்ணவில்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடித் தட்டைப் பிடித்துக்கொண்டே பாடம் படித்த பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளியின் பங்கிலிருந்து எதுவும் போவதில்லை. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து கூலியில் 8.33 விழுக்காடும், மத்திய அரசின் 1.16 விழுக்காடும்தான் அதற்குச் சேர்கின்றன. அம்மாவின் கூலியில் பிடித்தது வைப்பு நிதிக்கு. வண்ணார்பேட்டைக்காரர் சொல்லும் முறைப்படி பார்த்தால், உங்கள் அம்மாவும் ஓய்வூதியத்துக்கு ஒரு பைசாகூடக் கட்டவில்லை. அதற்காக அவருடைய ஆயிரத்தையும் நிறுத்திவிடலாமா? அவருக்கு உயர்த்திக் கேளுங்கள், நானும் உடன் வந்து கையெழுத்துப் போடுகிறேன். என் இலையில் இருப்பதை எடுக்கச் சொல்லாதீர்கள்.

முக்கூடல் மகள்:
என் அம்மாவை எதற்கு இந்தக் கணக்கில் இழுக்கிறீர்கள்? உங்களைப் போன்ற ஆசிரியர்கள் உங்கள் பிள்ளைகளை மட்டும் ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு அனுப்பினீர்கள். நாங்கள்தான் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தோம்.

சேரன்மாதேவி தலைமையாசிரியர் (ஓய்வு):
என் மூன்று பிள்ளைகளும் நான் பணியாற்றிய பள்ளியிலேயே தமிழ் வழியில் படித்தவர்கள். தெரியாததை எழுத வேண்டாம்.

வண்ணார்பேட்டை வணிகர்:
அண்ணாச்சி பணியாற்றியது அரசு உதவி பெறும் பள்ளி. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையில் பெரும்பங்கு இத்தகைய பள்ளிகளுடையது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம், சம்பளமும் ஓய்வூதியமும் கொடுப்பது கருவூலம் என்றால், சரக்கு வரி கட்டும் எனக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. 2003 ஜூலையில் நீங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் பள்ளி பூட்டிக் கிடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

சேரன்மாதேவி தலைமையாசிரியர் (ஓய்வு):
நானும் மறக்கவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தார்களே, அவர்களில் ஒருவன் நான். அந்த மாதம் என் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று உங்களுக்குத் தெரியுமா? வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையே இல்லை என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் பிறகும் ஓய்வூதியம் எனக்கு இலவசமாக வந்தது என்கிறீர்கள்.

இராதாபுரம், 2009 நியமனம்:
ஐயா, உங்கள் மீது மதிப்பு உண்டு; ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் பதினாறு ஆண்டுகளாக என் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடித்தம் போகிறது. அரசும் அதே அளவு போடுகிறது. எங்களில் ஓய்வு பெற்றவர்களுக்குத் திரண்ட தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாத ஓய்வூதியம் இல்லை. பழைய திட்டத்தைத் திருப்பித் தருவது பற்றி 2016-இல் ஒரு குழு, 2018-இல் அதன் அறிக்கை, 2021 தேர்தலில் வாக்குறுதி, 2025 பிப்ரவரியில் மறுபடியும் ஒரு குழு. ஒரே ஆசிரியர் அறையில், மார்ச் 2003-இல் சேர்ந்தவருக்கு எல்லாம் உண்டு, அடுத்த மாதம் சேர்ந்தவருக்கு ஒன்றும் இல்லை. கட்டுகிற எங்களுக்குக் கிடைக்காதது, கட்டாத உங்களுக்குக் கிடைக்கிறது.

சேரன்மாதேவி தலைமையாசிரியர் (ஓய்வு):
நீங்களுமா அந்தச் சொல்லை எடுக்கிறீர்கள்? உங்களுக்காகத்தானே 2019 ஜனவரிப் போராட்டத்தில், ஓய்வு பெற்ற பிறகும், ஆட்சியர் அலுவலக வாசலில் வெயிலில் உட்கார்ந்தோம்.

இராதாபுரம், 2009 நியமனம்:
உட்கார்ந்தது உண்மை. 2003-இல் பங்களிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்த அரசாணை வந்தபோது, ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்குப் பாதிப்பு இல்லை என்று உங்கள் தலைமுறை அமைதியானதும் உண்மை.

வண்ணார்பேட்டை வணிகர்:
இப்போது ஆசிரியரே சொல்லிவிட்டார்: கட்டாதவர்கள்.

சேரன்மாதேவி தலைமையாசிரியர் (ஓய்வு):
அவர் சொன்னதை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்பது என்னுடையதைப் பிடுங்க அன்று, தமக்கும் வேண்டும் என்று. ஓய்வூதியத்தை ஒழித்தால் பற்றாக்குறை தீரும் என்பவர், இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புதியவர் எவருக்கும் அதைக் கொடுக்காத பிறகும் பற்றாக்குறை ஏன் தீரவில்லை என்று சொல்லட்டும். நாளைக் காலையில் என் பழைய சம்பளப் பட்டியலை எடுத்து, 1979-இல் வாங்கியது எத்தனை ரூபாய், பிடித்தது எத்தனை பைசா என்று வரிக்கு வரி இங்கே எழுதுகிறேன்.

வண்ணார்பேட்டை வணிகர்:
எழுதுங்கள் அண்ணாச்சி. ஓய்வூதியத்துக்கு என்ற தலைப்பில் ஒரு வரி இருந்தால் அதையும் காட்டுங்கள்.