மலை ஏறுற நீராவி எஞ்சினை நேர்ல பார்த்த கதை இருந்தா சொல்லுங்க

ஆர்.கே.புரம் அப்பா:
போன ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிட்டு சாணக்யபுரி ரயில் மியூசியம் போனேன், வெயில் மண்டையைப் பொளக்குது, அவனுக்கு டாய் ட்ரெயின் போதும், நான்தான் விடாம இழுத்துட்டுப் போய் ஊட்டி எஞ்சின் முன்னாடி நிறுத்தினேன். டெல்லில நம்ம ஊர் சாமான் ஒண்ணு நிக்குதுன்னா சும்மா தாண்டிப் போக மனசு வருமா. பார்த்ததும், "ஏன்ப்பா ஒரே பக்கம் ரெண்டு டப்பா, ஒண்ணு மேல ஒண்ணு?"ன்னு கேட்டான். அட, மேட்டரே அதுலதான் இருக்கு! அந்த டப்பாதான் நீராவி வேலை செய்ற சிலிண்டர். கீழ் சிலிண்டர் சாதா சக்கரத்தை ஓட்டும், மேல இருக்குறது பல்சக்கரத்தைச் சுத்தும். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் கிட்டத்தட்ட 12 அடிக்கு 1 அடி ஏத்தம், வெறும் இரும்புச் சக்கரம்னா வழுக்கிடும், அதனால தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச பட்டை ரெண்டு போட்டிருக்காங்க, பல்லு ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி இருக்கும், எப்பவும் ஏதோ ஒரு பல்லு பிடியில இருக்கணும்ல. கீழ வேலை முடிச்ச நீராவியையே மேல அனுப்பி இன்னொரு தடவை வேலை வாங்குவாங்க, புளிச்ச இட்லி மாவை ஊத்தப்பமா ஊத்துற மாதிரி. சுவிட்சர்லாந்து வின்டர்தூர்ல செஞ்சது, 1914ல இருந்து வர ஆரம்பிச்சுது, இப்ப நம்ம திருச்சி பொன்மலை வொர்க்‌ஷாப்லயே புதுசு செஞ்சிருக்காங்க.

சின்னப் புள்ளைல தாத்தாகூட மேட்டுப்பாளையத்துல ஏறி முதல் பெட்டில உக்காந்துட்டு, எஞ்சினையே காணோம்னு அழுதிருக்கேன். அது பின்னாடி நின்னு தள்ளிட்டு வந்துருக்கு! முன்னாடி கொடியோட நின்ன பிரேக்ஸ்மேன்தான் டிரைவருக்குக் கண்ணு, அவரை நான் சும்மா நிக்கிறார்னு நெனச்சேன்.

மயூர் விஹார் மாமி:
அதே மியூசியத்துல டார்ஜிலிங் எஞ்சினும் இருக்கே, பார்க்கலையா? அதுக்குப் பல்லும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ரெண்டடி அகலத் தண்டவாளம், வளையம் போட்டுப் போட்டு, நடுநடுவுல முன்ன போய் பின்ன வந்து இசட் மாதிரி ஏறும். எல்டிசில, அதான் ஆபீஸ்ல குடுக்குற லீவு பயணச் சலுகைல, டார்ஜிலிங் போனப்ப எஞ்சின் மூஞ்சில ஒரு ஆள் உக்காந்து கையாலயே தண்டவாளத்துல மணல் தூவிட்டு வந்தார், ஈரத்துல சக்கரம் வழுக்கும்ல. எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க வயித்தைக் கலக்குச்சு. எங்காத்துக்காரர் ஜன்னல்ல தலையை நீட்டி கண்ணுல கரித்தூள் வாங்கிண்டு, நியூ டெல்லி ஸ்டேஷன்ல இறங்குற வரைக்கும் ஒரே புலம்பல்.

ஆர்.கே.புரம் அப்பா:
அதுகிட்ட போறதுக்குள்ள பையன் சோலே பட்டூரே கேட்டு தரையில உக்காந்துட்டான் மாமி.