சிறையில் இருக்கும் தம்பிக்குக் காணொளி வழி மனநல சிகிச்சையைத் தொடர முடியுமா?

மானாவாரி:
என் தம்பிக்கு ஐந்து ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. மனநல மருத்துவரிடம் செல்ல எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரிலும் மற்ற மாதங்களில் காணொளியிலும் பார்த்து ரிஸ்பெரிடோன் மாத்திரை எழுதித் தந்துவந்தார். சென்ற மாதம் ஓர் அடிதடி வழக்கில் கைதாகி, இப்போது கிளைச்சிறையில் இருக்கிறான். சிறையில் மனு போட்டு அவனைச் சந்திக்கச் சென்றபோது, ஒன்பது நாளாக மாத்திரை இல்லை என்றான். என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இல்லாத யாருக்கோ பதில் சொன்னான். காவல் நீட்டிப்புக்காக நீதிபதி முன் அவனைத் திரையில்தான் காட்டுகிறார்கள். அதே திரையில் மருத்துவரிடம் காட்ட முடியாதா?

கறுப்பு அங்கி:
கேட்கலாம், ஆனால் சிறை வாசலில் வாய்மொழியாகக் கேட்டுப் பயனில்லை. பழைய மருந்துச் சீட்டுகளின் நகல்களை இணைத்து, மாத்திரை நின்ற தேதியைக் குறிப்பிட்டு, காவலில் வைத்த நீதிமன்றத்திலேயே வழக்கறிஞர் மூலம் மனுச் செய்யுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆவது பிரிவின்படி, மனநோய் உள்ள கைதி எவரும் தம் சிறையில் இல்லை என்று சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும். உங்கள் ஆவணங்கள் நீதிமன்றக் கோப்பில் ஏறிவிட்டால், அப்படிக் கையெழுத்திடுவதற்கு முன் அவர் யோசிப்பார். ஒன்றை மட்டும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்: இது சிகிச்சைக்கான மனு; குற்றம் நடந்தபோது புத்தி சுவாதீனம் இருந்ததா என்பது வேறு வழக்காடல்.

நடமாடும் மருந்தகம்:
கிராமப்புற மனநலப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் சற்று மாறுபடுகிறேன். சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் காணொளி வசதியுள்ள பேருந்தை ஓட்டத் தொடங்கியபோது, மருத்துவர் சென்னையில் இருந்தார், மருந்தோ பேருந்திலேயே இருந்தது. திரையைவிட அந்த மருந்துப் பெட்டிதான் முக்கியம் என்பேன். மேலும், ரிஸ்பெரிடோன் சாப்பிடுபவரின் கை அதன் பக்கவிளைவால் விறைத்திருக்கிறதா என்பதைத் திரையில் சரியாகக் கணிக்க முடியாது. நோயாளியின் அருகில் இருக்கும் செவிலியர் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். சிறையில் அந்த இடத்தில் காவலர் நிற்பார். அவர் காதுபட, தனக்குக் கேட்கும் குரல்களைப் பற்றி எந்தக் கைதி வாய் திறப்பான்?

ஆகவே மருந்து விட்டுப்போன இந்த நிலையில், முதலில் அரசு மருத்துவமனைக்கு நேரில் அழைத்துச் செல்லும்படி கேளுங்கள். காணொளி அதற்குப் பிறகு போதும். 2020ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் தடை செய்திருப்பது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையும் கடும் கட்டுப்பாடுள்ள அட்டவணை எக்ஸ் மருந்துகளையும்தான். ரிஸ்பெரிடோனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. விறைப்புக்கு ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரையும் கொடுத்திருந்தால், போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படும் மாத்திரை என்பதால் சிறையில் தயங்குவார்கள். அதன் தேவையை மருத்துவரிடம் தனியாக எழுதி வாங்குங்கள்.

மானாவாரி:
இருவருக்கும் நன்றி. மனுவில் நேரில் காட்டுவதையே முதலில் கேட்டிருக்கிறோம். நாளை விசாரணைக்கு வருகிறது. அம்மாதான் உறங்குவதில்லை.

கறுப்பு அங்கி:
அம்மாவை 14416க்கு அழைக்கச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நாளை உத்தரவு கிடைத்தால், சான்றிட்ட நகலை நீங்களே கையில் எடுத்துச்சென்று சிறையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.