ஜெர்மனியில் படிப்பு முடிகிறது: ஊர் திரும்புவதா, இருந்து முயல்வதா?

கெம்னிட்ஸ் மாணவன்:
வாகனப் பொறியியலில் முதுநிலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். வேலை தேட 18 மாத வதிவிட அனுமதி கிடைக்கும். ஆனால் ஃபோக்ஸ்வேகன் 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைப்பதென 2024 டிசம்பரில் முடிவானதிலிருந்து, இத்துறையில் புதியவர்களுக்கு வாய்ப்பு சுருங்கிவிட்டதாகவே தோன்றுகிறது. கோவையில் அப்பா வயதான காலத்தில் லேத் பட்டறையைத் தனியாக நடத்துகிறார். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கல்விக்கடனுக்கும் தவணை தொடங்கப்போகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஸ்டுட்கார்ட்வாசி:
கடனை வைத்துக்கொண்டு இப்போதே திரும்ப வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த 18 மாதங்களில் எந்த வேலையும் செய்யலாம் என்பதால், கிடங்கிலோ உணவகத்திலோ வேலை பார்த்துச் செலவைச் சமாளித்தபடியே தேடலாம். கார் நிறுவனங்களை மட்டும் நம்பாமல் ரயில், மருத்துவக் கருவி, இயந்திர உற்பத்தித் துறைகளுக்கும் விண்ணப்பியுங்கள். சிறு நகரங்களில் இருக்கும் குடும்ப நிறுவனங்கள் பி2 அளவு (ஓரளவு சரளமாகப் பேசும் நிலை) ஜெர்மன் தெரியாதவரை நேர்முகத்துக்குக்கூட அழைப்பது அரிது. ஆங்கிலவழியில் படித்த நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். இங்கே பட்டம் பெற்றவர், தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு ஆண்டுகள் இருந்து, 24 மாதம் ஓய்வூதியக் காப்பீடு செலுத்தி, அதற்கு முந்தைய நிலையான பி1 ஜெர்மன் தேறியிருந்தால் நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரகடத்துப் பொறியாளர்:
நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டால் நினைத்தபோது போய்வரலாம் என்று பலரும் நம்புகிறார்கள். பொதுவாக 6 மாதங்களுக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்கினால் அது காலாவதியாகும். பெற்றோருக்குத் துணையாக ஊரில் நெடுநாள் தங்க நேர்ந்தால் இது குறுக்கே நிற்கும். நான் அங்கே சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். ஒரகடத்தில் டைம்லர் போன்ற ஆலைகள் இருந்தாலும், வெறும் பட்டத்தோடு வருபவரை இங்கே படித்தவர்களோடு ஒரே வரிசையில்தான் நிறுத்துகிறார்கள். சோதனைக்கூடத்திலோ உற்பத்திப் பிரிவிலோ அங்கே வேலை பார்த்தவருக்கு மதிப்பும் ஊதியமும் வேறு. திரும்புங்கள், ஆனால் அந்த அனுபவத்தோடு திரும்புங்கள்.

ஒரு மாணவியின் தாய்:
தம்பி, முதலில் அப்பாவிடமே மனம்விட்டுக் கேளுங்கள். ஆர்டர் பிடிக்கவும் கணக்குப் பார்க்கவும் ஆள் இல்லை என்றால் நம்பகமான ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். உடம்புக்கு முடியவில்லை என்றால், பிள்ளை பக்கத்தில் இருப்பதற்கு ஈடாக எந்தச் சம்பளத்தையும் நான் சொல்லமாட்டேன். என் மகளிடம் நாங்கள் பல மாதங்கள் உண்மையை மறைத்ததால் சொல்கிறேன், பெற்றோர் தாமாக வாய் திறக்கமாட்டார்கள். வேலை கிடைக்கும்வரை தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று வங்கிக்கு இப்போதே எழுத்துமூலம் விண்ணப்பித்துவிடுங்கள். ஒரு தவணை தவறிய பிறகு கேட்பது கடினம்.