பிகின், கமிட் எல்லாம் போட்டும் ஸ்டாக் மட்டும் குறைகிறது, ஆர்டரைக் காணோம்

ராத்திரி_ஷிப்ட்:

வணக்கம் நண்பர்களே. ஒரு மொத்த விலைப் புடவைக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் சர்வர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நோட் ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், இரண்டையும் இணைக்க நடுவில் பிஜி பேக்கேஜ், ஓஆர்எம் (எஸ்கியூஎல்லைத் தானே எழுதித் தரும் லைப்ரரி) எதுவும் இல்லை. ஆர்டர் வந்தால் முதலில் பிகின் (டிரான்சாக்‌ஷனைத் தொடங்குவது, அதாவது இனி வருவதெல்லாம் ஒன்றாக நிலைக்கும் அல்லது ஒன்றாக ரத்தாகும்), அப்புறம் ஸ்டாக் டேபிளில் ஒன்றைக் குறைக்கும் அப்டேட், அப்புறம் ஆர்டர் டேபிளில் இன்சர்ட், கடைசியில் கமிட் (எல்லாவற்றையும் நிலைநிறுத்துவது). நடுவில் எரர் வந்தால் கேட்ச் பகுதியில் ரோல்பேக் (எல்லாவற்றையும் ரத்து செய்வது). எல்லாவற்றையும் பூல் (டேட்டாபேஸுக்குத் திறந்து வைத்த கனெக்‌ஷன்களின் தொகுப்பு) வழியாக, பூல்.குவெரி என்றுதான் கூப்பிடுகிறேன்.

என் லேப்டாப்பில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிசகும் இல்லை. லைவ் போன பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, அதுவும் சாயங்காலம் ஆர்டர் குவியும் நேரத்தில் பார்த்து, இப்படி ஆகிறது: ஒரு டிசைனில் 17 இருந்தது 16 ஆகிவிட்டது, வாடிக்கையாளர் போனில் ஆர்டர் எண் 4182 என்று காட்டியிருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பிவிட்டார், ஆனால் டேபிளில் 4181க்கு அடுத்து 4183தான் இருக்கிறது. கடைப் பையன் ஏதோ டெலீட் பண்ணிவிட்டான் என்று முதலாளி நினைக்கிறார், எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. என் லாக்கில் எரரே இல்லை. போஸ்ட்கிரெஸ் லாக்கில் மட்டும் "ஏற்கெனவே ஒரு டிரான்சாக்‌ஷன் நடந்துகொண்டிருக்கிறது" என்கிற வார்னிங் அடிக்கடி விழுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

வேப்பமரத்தடி:

தொடர்பு உண்டா என்ன, அதுவேதான் இது. கடைப் பையனை விட்டுவிடச் சொல்லுங்கள், பாவம்.

டிரான்சாக்‌ஷன் என்பது ஒரு கனெக்‌ஷனோடு ஒட்டிக்கொண்டிருக்கிற விஷயம். பூல்.குவெரி ஒவ்வொரு தடவையும் காலியாக இருக்கும் ஏதோ ஒரு கனெக்‌ஷனை எடுத்து, அந்த ஒரு குவெரியை ஓட்டி, உடனே பூலில் திருப்பிப் போட்டுவிடும். லேப்டாப்பில் நீங்கள் ஒருத்தர் மட்டும்தான், அதனால் திரும்பத் திரும்ப அதே கனெக்‌ஷன் கைக்கு வந்தது, எல்லாம் சரியாக நடந்த மாதிரி இருந்தது. லைவில் பூல் 10 கனெக்‌ஷன் வரை வைத்துக்கொள்ளும் (நீங்கள் மாற்றாவிட்டால் அதுதான் எண்ணிக்கை), கூட்டம் வந்ததும் சீட்டு கலைகிறது.

4182க்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். உங்கள் பிகின் மூன்றாம் கனெக்‌ஷனுக்குப் போனது. அப்டேட் ஐந்தாம் கனெக்‌ஷனுக்குப் போனது, அங்கே டிரான்சாக்‌ஷன் எதுவும் இல்லை, அதனால் ஸ்டாக் அந்த நொடியே நிரந்தரமாகக் குறைந்துவிட்டது. இன்சர்ட் ஏழாம் கனெக்‌ஷனுக்குப் போனது, அங்கே வேறு யாரோ ஒரு வாடிக்கையாளரின் பிகின் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. எண் 4182 என்று பதில் வந்தது, உங்கள் கமிட் எங்கேயோ போய் விழுந்தது, நீங்கள் வெற்றி என்று அனுப்பிவிட்டீர்கள். அப்புறம் இன்னொருவரின் ஆர்டரில் ஏதோ எரர் வந்து, அவருடைய ரோல்பேக் ஏழாம் கனெக்‌ஷனில் விழுந்து உங்கள் ஆர்டர் வரியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. லாக்கில் விழும் அந்த வார்னிங், திறந்து கிடக்கும் கனெக்‌ஷன் மேல் இன்னொரு பிகின் விழும்போது வருவது.

செய்ய வேண்டியது: பூல்.கனெக்ட் போட்டு ஒரு கிளையன்ட்டை (ஒரே கனெக்‌ஷனை) வாங்குங்கள், பிகின் முதல் கமிட் வரை அதே கிளையன்ட்டில் ஓட்டுங்கள், ஃபைனலியில் (எப்படி முடிந்தாலும் ஓடும் பகுதி) ரிலீஸ் (பூலுக்குத் திருப்பித் தருவது). இதை ஒவ்வொரு ரூட்டிலும் எழுதாதீர்கள், பத்து இடத்தில் எழுதினால் பதினோராவது இடத்தில் மறப்பீர்கள். ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் நீங்கள் கொடுக்கும் வேலையை அது கிளையன்ட்டோடு கூப்பிடட்டும்: வேலை முடிந்தால் கமிட், எரர் எகிறினால் ரோல்பேக், எப்படியானாலும் ரிலீஸ். பிகின் என்ற சொல்லே அந்த ஒரு ஃபைலைத் தவிர வேறு எங்கும் இருக்கக் கூடாது, கிரெப் (ஃபைல்களில் சொல் தேடும் கருவி) போட்டால் ஒரு வரிதான் வர வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளே கூப்பிடும் ஃபங்ஷன்கள் எல்லாம் அந்தக் கிளையன்ட்டையே வாங்கிக்கொள்ள வேண்டும். ஏதோ ஒன்று மட்டும் பழக்கதோஷத்தில் பூலைப் பயன்படுத்தி, நீங்கள் பூட்டி வைத்த அதே வரியை அப்டேட் பண்ணப் போனால், உங்கள் பூட்டுக்காக நீங்களே காத்துக்கொண்டிருப்பீர்கள். போஸ்ட்கிரெஸ் பார்வையில் அது டெட்லாக்கே (ஒன்றுக்கொன்று பூட்டுக்காகக் காத்து நிற்பது) இல்லை, ஒரு கனெக்‌ஷன் காத்திருக்கிறது, இன்னொன்று சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் எரரும் வராது.

பழைய_டிபிஏ:

மேலே சொன்னது சரி. நடுவில் ரிட்டர்ன் போடும் புரோகிராம் கோடையும் பாருங்கள் தம்பி. "ஸ்டாக் இல்லை" என்று ஒரு இஃப் எழுதி அங்கேயே ரிட்டர்ன் பண்ணியிருப்பீர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் பண்ணுவார்கள். ஃபைனலி இல்லாவிட்டால் அந்தக் கிளையன்ட் பூலுக்குத் திரும்பவே திரும்பாது. இப்படிப் பத்து போனால் பதினோராவது ஆள் காத்திருப்பார், எவ்வளவு நேரம் என்றால், கனெக்‌ஷன் டைம்அவுட் நீங்கள் தனியாக வைக்காவிட்டால் அது 0, அதாவது எல்லையே கிடையாது. சர்வர் உயிரோடு இருக்கும், பதில் மட்டும் வராது. ஃபைனலியில் ரிலீஸ் இருந்து ரோல்பேக் இல்லாமல் ரிட்டர்ன் ஆனால் அது வேறு கதை: திறந்த டிரான்சாக்‌ஷனோடு கிளையன்ட் பூலுக்குப் போகும், அடுத்து வருகிறவர் தலையில் விடியும். ஆகவே ஸ்டாக் இல்லை என்றால் ரிட்டர்ன் வேண்டாம், எரர் எறியுங்கள்.

அதோடு, ஸ்டாக் 1க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் குறை என்று அப்டேட்டிலேயே நிபந்தனை வைத்து, டேபிளில் எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். 0 வரி மாறினால் டேட்டாபேஸ் அதை எரராகச் சொல்லாது. அதைப் பார்த்து எரர் எறிவது உங்கள் வேலை.

போஸ்ட்கிரெஸில் இன்னொன்று, நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்து கற்றது. டிரான்சாக்‌ஷன் நடுவில் ஓர் இன்சர்ட் 23505 கொடுத்தது (ஏற்கெனவே இருக்கிற யுனிக் மதிப்பு), "இருந்தால் இருக்கட்டும்" என்று கேட்ச் பண்ணி விழுங்கிவிட்டேன். ஒரு எரர் வந்ததுமே அந்த டிரான்சாக்‌ஷன் செத்துவிட்டது, அப்புறம் எந்தக் குவெரி போட்டாலும் 25பி02 எரர்தான். என் துரதிர்ஷ்டம், அதற்குப் பிறகு குவெரியே இல்லை, நேராகக் கமிட். கமிட்டுக்கு எரர் வரவில்லை! செத்த டிரான்சாக்‌ஷனில் கமிட் சொன்னால் போஸ்ட்கிரெஸ் சத்தமில்லாமல் ரோல்பேக் பண்ணிவிட்டு, பதிலில் "ரோல்பேக்" என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதி அனுப்பும். அந்த வார்த்தையை யார் படிக்கிறார்கள். இப்போது என் ஃபங்ஷனில் கமிட்டின் பதிலில் கமாண்ட் என்னவென்று பார்த்து, ரோல்பேக் என்றிருந்தால் எரர் எறிகிறேன். யுனிக் பிரச்சினைக்கு இன்சர்ட்டில் ஆன் கான்ஃபிளிக்ட் டு நத்திங் (மோதினால் விட்டுவிடு) போதும், போஸ்ட்கிரெஸ் 9.5லிருந்தே இருக்கிறது. அது பொருந்தாத இடத்தில் சேவ்பாயின்ட் (எரர் வந்தால் அதுவரை மட்டும் திரும்புவதற்கான அடையாளம்).

கேட்ச்சில் போடும் ரோல்பேக்கே தோற்றுப் போகலாம், கனெக்‌ஷன் அறுந்திருந்தால். அதைத் தனி ட்ரையில் வையுங்கள், இல்லாவிட்டால் முதலில் வந்த எரர் மறைந்து ரோல்பேக்கின் எரர்தான் லாக்கில் நிற்கும். அந்த நிலையில் ரிலீஸுக்கு ட்ரூ கொடுங்கள், பூல் அந்தக் கிளையன்ட்டைத் தூக்கிப் போட்டுவிடும்.

மூணாவது_பெஞ்ச்:

இது நோட் ஆட்களின் தலைவிதி மட்டும் இல்லை. நாங்கள் ஸ்பிரிங்கில் (ஜாவா ஃபிரேம்வொர்க்) டிரான்சாக்‌ஷனல் அனொட்டேஷன் ஒன்றைத் தலையில் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கும் எரருக்கும்தான் தானாக ரோல்பேக் ஆகும், செக்ட் எக்ஸெப்ஷன் (கையாளும்படி ஜாவா கட்டாயப்படுத்தும் வகை) வந்தால் அழகாகக் கமிட் ஆகிவிடும், ரோல்பேக்ஃபார் தனியாகச் சொல்லாவிட்டால். அதே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிட்டால் ப்ராக்ஸி (ஸ்பிரிங் நடுவில் வைக்கும் உறை) வழியாகப் போகாது, அனொட்டேஷன் வெறும் அலங்காரம்.

ராத்திரி_ஷிப்ட்:

வேப்பமரத்தடி அண்ணே, கும்பிடுகிறேன். கிரெப் போட்டேன், பிகின் ஒன்பது இடத்தில் இருந்தது. இப்போது ஒன்று. இஃப் போட்டு ரிட்டர்ன் பண்ணிய இடம் இரண்டு, டிபிஏ அண்ணன் பார்க்காமலே சொல்லிவிட்டார். மூன்று நாளாக வார்னிங் இல்லை.

ஆனால் நேற்று 4240க்கு அடுத்து 4242. பயந்துபோய்ப் பார்த்தேன், இந்தத் தடவை ஸ்டாக் குறையவில்லை, வாடிக்கையாளருக்கும் தோல்வி என்றுதான் போயிருக்கிறது. இது சரிதானா? இன்னொரு சந்தேகம், ஆர்டர் எஸ்எம்எஸ் அனுப்புவதை டிரான்சாக்‌ஷனுக்குள், கமிட்டுக்கு முன்னால் வைத்திருக்கிறேன், எஸ்எம்எஸ் போகாவிட்டால் ஆர்டரும் வேண்டாம் என்று நினைத்து.

பழைய_டிபிஏ:

சரிதான். சீக்வென்ஸ் (எண்களை வரிசையாகத் தரும் டேட்டாபேஸ் கவுன்டர்) கொடுத்த எண் ரோல்பேக்கில் திரும்பி வராது, நடுவில் ஓட்டை விழத்தான் செய்யும். அந்த எண்ணையே ஜிஎஸ்டி பில் எண்ணாகப் போட்டுவிடாதீர்கள், ஆடிட்டர் ஒவ்வொரு ஓட்டைக்கும் காரணம் கேட்பார்.

எஸ்எம்எஸ்ஸை உடனே வெளியே எடுங்கள். அந்த கேட்வே பதில் சொல்ல எட்டு நொடி எடுத்தால் எட்டு நொடியும் அந்தப் புடவையின் ஸ்டாக் வரி பூட்டிக் கிடக்கும், அதே டிசைனைக் கேட்கிற எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். எஸ்எம்எஸ் போன பிறகு கமிட் தோற்றால் அனுப்பியதைத் திருப்பி வாங்க முடியுமா? அனுப்ப வேண்டியதை ஒரு டேபிளில் ஆர்டரோடு சேர்த்து, அதே டிரான்சாக்‌ஷனில் எழுதிவிடுங்கள். தனியாக ஒரு வொர்க்கர் அதைப் படித்து அனுப்பட்டும். எப்போதாவது ஓர் எஸ்எம்எஸ் இரண்டு தடவை போகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வேப்பமரத்தடி:

அப்படியே இதையும் சேர்த்துவிடுங்கள். கமிட் அனுப்பிய பிறகு பதில் வருவதற்குள் கனெக்‌ஷன் அறுந்தால், கமிட் ஆனதா இல்லையா என்று உங்கள் கோடுக்குத் தெரியாது. கேட்ச்சுக்குள் வந்துவிட்டதாலேயே ஆகவில்லை என்று அர்த்தமில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஓட்டினால் ஒரே ஆர்டர் இரண்டாகும். போனிலிருந்தே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி ஐடி அனுப்பச் சொல்லி, டேபிளில் அந்த ஐடி இருக்கும் நெடுவரிசையை யுனிக்காக வையுங்கள். மறுபடி ஓட்டும்போது 23505 வந்தால் போன தடவையே பதிவாகிவிட்டது என்று பொருள், ரோல்பேக் பண்ணிவிட்டு பழைய ஆர்டர் எண்ணை எடுத்துக் காட்டிவிடலாம்.

ராத்திரி_ஷிப்ட்:

ஐடி நெடுவரிசையைச் சேர்த்துவிட்டேன், எஸ்எம்எஸ் டேபிள் இன்று இரவு. முதலாளியிடம் பையன்மேல் தப்பில்லை, என் கோடுதான் என்று சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, அவனைக் கூப்பிட்டு எனக்கு ஒரு டீ வாங்கி வரச் சொன்னார்.